வண்டிக்கு இரண்டாவது பேட்டரி

நம் நாட்டின் வட கோடியில் லடாக் இருக்கிறது. அது உயரமான மலை நாடு. அங்கே மழை குறைவு. மரம் குறைவு. குளிர் மிகவும் அதிகம். 2019 அக்டோபர் 31 முதல் லடாக் தனி யூனியன் பிரதேசம். லே என்பது அங்கே உள்ள பெரிய ஊர். லே ஊரே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கோடைக் காலத்தில் லடாக்குக்கு நிறையப் பயணிகள் வருகிறார்கள். மணாலியில் இருந்து லேவுக்கு ஒரு சாலை போகிறது. நீளம் 400 கி.மீ.க்கு மேல். 2020-ல் அடல் சுரங்கப் பாதை திறந்தது. அதனால் ரோதங் கணவாயில் ஏறாமலே போக முடிகிறது. ஆனால் அதற்குப் பிறகும் பல கணவாய்கள் உண்டு. பாரலாச்சா லா, லாச்சுங் லா, தங்லங் லா என்று வரிசையாக வரும். 'லா' என்றால் அங்கே கணவாய் என்று பொருள். தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேலான உயரம். வழியில் தண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. 'அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில்' என்று எழுதிய பலகை அங்கே பெயர் பெற்றது.

இப்படிப்பட்ட சாலையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் நன்றாக உதவும். சாதாரணக் காரில் இரண்டு சக்கரத்தை மட்டும் எஞ்சின் சுழற்றும். மற்ற இரண்டும் சும்மா உருளும். ஜிப்சி, தார் போன்ற வண்டிகளில் ஒரு கம்பியைத் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், பனி எல்லாவற்றிலும் ஏறி வந்துவிடும்.

இந்த வண்டிகள் சிலவற்றில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப. இன்னொன்று எதற்கு? அதை எப்படிப் பார்த்துக்கொள்வது? பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

ஓர் இரவை நினைத்துப் பாருங்கள்

சர்ச்சு என்று ஓர் இடம். மணாலி சாலையில் பயணிகள் கூடாரத்தில் தங்கும் இடம். உயரம் 4,000 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிந்து இருக்கும். கீழே இருந்து வேகமாக மேலே வந்தவர்களுக்குத் தலைவலி வரும். வாந்தி வரும். மூச்சு முட்டும். சிலருக்கு இது முற்றிவிடும். அப்போது காத்திருக்கக் கூடாது. உடனே தாழ்வான இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். அதுதான் முதல் மருந்து. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இரவு 2 மணி. கூடாரத்தில் ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது. ஓட்டுநர் ஓடி வந்து சாவியைத் திருப்புகிறார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ப் எடுக்கவில்லை. மாலையில் இருந்து கூடாரத்து விளக்கும், நான்கு பேரின் செல்போன் சார்ஜும் அந்தப் பேட்டரியில்தான் ஓடின. இப்போது அதில் ஒன்றும் இல்லை.

இந்த நிலை வரக்கூடாது என்றுதான் இரண்டாவது பேட்டரி வைக்கிறார்கள்.

வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று குடிக்க. ஒன்று புழங்க. புழங்கும் குடம் காலியானாலும் குடிக்கத் தண்ணீர் இருக்கும். அது போலத்தான் இதுவும். முதல் பேட்டரி எஞ்சினைக் கிளப்ப மட்டும். விளக்கு, செல்போன், டயருக்குக் காற்றடிக்கும் சிறிய பம்பு, மருந்து வைக்கும் சிறிய பிரிட்ஜ் எல்லாம் இரண்டாவது பேட்டரியில் ஓட வேண்டும்.

பேட்டரிக்கு உள்ளே

இந்தப் பேட்டரியை 1859-ல் பிரான்சு நாட்டில் காஸ்டன் பிளாண்டே என்பவர் கண்டுபிடித்தார். நூற்று அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அடிப்படை இன்னும் மாறவில்லை.

உள்ளே ஈயத் தகடுகள் இருக்கும். தகடுகளைச் சுற்றிக் கந்தக ஆசிட்டும் தண்ணீரும் கலந்த நீர் இருக்கும். இப்படி ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் சுமார் 2 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12 வோல்ட்.

மின்சாரத்தை எடுக்க எடுக்க, நீரில் உள்ள ஆசிட் தகடுக்குள் போகும். மிச்சம் இருக்கும் நீர் வெறும் தண்ணீர் போல ஆகிக்கொண்டே வரும். சார்ஜ் ஏற்றினால் ஆசிட் தகட்டை விட்டு வெளியே வரும். நீர் மறுபடியும் கெட்டியாகும்.

இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் உள்ள பேட்டரியில் ஆசிட் நீர். சார்ஜ் இல்லாத பேட்டரியில் ஏறக்குறைய தண்ணீர். பேட்டரிக்கு வரும் பல நோய்களுக்கு இதுதான் காரணம்.

தகடுக்குள் போன ஆசிட் அங்கே ஈயத்தோடு சேர்ந்து வெள்ளை உப்பாகப் படியும். முதலில் அது மெல்லிய மாவு போல இருக்கும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். பல வாரம் அப்படியே விட்டால் கெட்டியாகிவிடும். சர்க்கரைப் பாகை நாள் கணக்கில் வைத்தால் கற்கண்டாக உறைகிறது அல்லவா? அது போல. அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுவதும் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரியின் வயிறு சுருங்கிவிடும்.

முதல் பேட்டரிக்கு இந்த நோய் சீக்கிரம் வராது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது சார்ஜ் ஆகிறது. இரண்டாவது பேட்டரிதான் பாவம். இரவெல்லாம் உழைக்கும். பகலில் வண்டி ஓடாவிட்டால் பட்டினி கிடக்கும். சீட்டுக்கு அடியிலோ பின்பக்கத்திலோ மறைவாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது. விளக்கு மங்கும்போதுதான் அதன் நினைவே வரும்.

எந்தப் பேட்டரி வாங்கலாம்?

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை. எண்ணிக்கை அதிகம். சில விநாடிகள் மட்டும் நூற்றுக் கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைக் கொட்டும். உடனே மறுபடியும் நிரம்பிவிடும். அதை ஆழமாகக் காலி செய்தால் தாங்காது.

இரண்டாவது பேட்டரிக்குத் தடித்த தகடுகள் வேண்டும். மெதுவாகக் கொடுக்க வேண்டும். வெகு நேரம் கொடுக்க வேண்டும். கடையில் 'டீப் சைக்கிள்' என்று கேட்க வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் தடித்த தகடு உள்ளதுதான். அதையே வண்டியில் வைக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அது உயரமானது, கனமானது. வீட்டு மூலையில் அசையாமல் இருக்கச் செய்யப்பட்டது. மலைச் சாலையின் ஆட்டத்துக்கு அது செய்யப்படவில்லை. ஆசிட்டும் தளும்பி வெளியே வரும்.

வண்டியின் உள்ளே, மனிதர் உட்காரும் இடத்தில் வைப்பதாக இருந்தால் மூடிய வகைப் பேட்டரிதான் நல்லது. அதில் ஆசிட் தளும்பாது. தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. விலை கூடுதல்தான். ஆனாலும் இந்த இடத்தில் காசு பார்க்கக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு

பேட்டரியின் மேல் 60 ஏ.ஹெச். என்று எழுதியிருக்கும். ஆம்பியர் மணி என்பது அதன் பொருள். 1 ஆம்பியர் வீதம் எடுத்தால் 60 மணி நேரம் வரும். 3 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் வரும்.

ஆனால் அறுபதையும் எடுக்கக் கூடாது. பாதியோடு நிறுத்த வேண்டும். அதாவது 30. ஒவ்வொரு முறையும் அடி வரை காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

ஒரு பொருள் எத்தனை ஆம்பியர் எடுக்கும்? அதன் மேல் வாட் என்று ஓர் எண் இருக்கும். அதை 12-ஆல் வகுக்க வேண்டும். 6 வாட் எல்.இ.டி. விளக்கு அரை ஆம்பியர் எடுக்கும். இரண்டு விளக்கு 5 மணி நேரம் எரிந்தால் 5 ஆம்பியர் மணி. நான்கு செல்போனுக்குச் சார்ஜ் போட்டால் சுமார் 7. மொத்தம் 12. ஓர் இரவுக்குக் கவலை இல்லை.

இப்போது பிரிட்ஜைப் பார்ப்போம். 48 வாட் பிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கும். அது விட்டு விட்டுத்தான் ஓடும். ஒரு நாளில் 8 மணி நேரம் ஓடியது என்று வைப்போம். 4 பெருக்கல் 8, 32 ஆம்பியர் மணி. ஒரே நாளில் எல்லை தாண்டிவிட்டது. பிரிட்ஜ் வைத்துக்கொண்டு பாங்காங் ஏரிக் கரையில் இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் இருந்தால் பேட்டரி தாங்காது.

எடுத்ததைத் திரும்ப வைப்பதும் எளிதல்ல. வண்டியில் இருக்கும் டைனமோதான் சார்ஜ் ஏற்றுகிறது. இதை ஆல்டர்னேட்டர் என்றும் சொல்வார்கள். காலி பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்களுக்கு உடனே இடம் கிடைக்கும். கடைசியில் ஏறுகிறவர்கள் நெருக்கி நெருக்கித்தான் நிற்க வேண்டும். பேட்டரியும் அப்படியே. முதல் பாதி வேகமாக நிரம்பும். கடைசிப் பகுதி மிக மெதுவாக நிரம்பும். ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு 'நிறைந்துவிட்டது' என்று நினைக்கக் கூடாது. பயணம் முடிந்து ஊருக்கு வந்ததும் வீட்டுச் சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போட வேண்டும். தவறாமல் செய்ய வேண்டிய வேலை இது.

லடாக்கில் வெயில் நன்றாக அடிக்கும். வண்டியின் கூரையில் 100 வாட் சோலார் தகடு வைக்கலாம். உச்சி வெயிலில் அது 5 ஆம்பியர் வரை தரும். ஆனால் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிப் பேட்டரி கெடும்.

நடுவில் ஒரு கதவு

இரண்டு குடத்தையும் ஒரு குழாயால் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றில் மொண்டாலும் இரண்டும் குறையும். இரண்டு பேட்டரியைச் சும்மா வயரால் இணைத்தாலும் அதுதான் நடக்கும். இரவில் இரண்டும் சேர்ந்து காலியாகும். பிறகு இரண்டு பேட்டரி இருந்தும் என்ன பயன்?

அதனால் நடுவில் ஒரு கதவு வைக்கிறார்கள். அதன் பெயர் ஐசோலேட்டர். அது ஒரு தானியங்கி சுவிட்ச். எஞ்சின் ஓடினால் மின் அழுத்தம் 13 வோல்ட்டுக்கு மேல் போகும். உடனே கதவு திறக்கும். இரண்டு பேட்டரியும் சார்ஜ் ஆகும். எஞ்சின் நின்றதும் அழுத்தம் குறையும். கதவு மூடிக்கொள்ளும். பிறகு விளக்கு எரிந்தால் இரண்டாவது பேட்டரி மட்டுமே குறையும்.

இந்தக் கதவு வேலை செய்கிறதா? மல்டி மீட்டர் இருந்தால் நாமே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி இரண்டாவது பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 12.5 காட்டுகிறது என்று வைப்போம். இப்போது எஞ்சினைக் கிளப்பிச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எண் ஏற வேண்டும். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். 12.5-லேயே நின்றால் கதவு திறக்கவில்லை. அல்லது பியூஸ் போயிருக்கிறது. பல வண்டிகளில் இது மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். ஓட்டுநர் பேட்டரிக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

கதவு மூடாமல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இது இன்னும் மோசம். எஞ்சினை நிறுத்தி, இரண்டாவது பேட்டரியில் விளக்குகளைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்து பாருங்கள். முதல் பேட்டரியும் சேர்ந்து குறைந்தால் கதவு மூடவில்லை. அதைச் சரி செய்யாமல் மலை ஏறக் கூடாது.

புதிய வண்டிகள் பலவற்றில் டைனமோவைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. டீசலைச் சேமிக்க அது அடிக்கடி அழுத்தத்தைக் குறைத்துவிடும். அத்தகைய வண்டிக்கு இந்தச் சாதாரணக் கதவு ஒத்து வராது. டி.சி. சார்ஜர் என்ற வேறு பெட்டி வேண்டும். வாங்கும் முன் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயரும் பியூசும்

முன்னால் ஒரு பேட்டரி. பின்னால் ஒரு பேட்டரி. நடுவில் நீளமான வயர். இந்த வயர் ஓரிடத்தில் தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால் என்ன ஆகும்? வயர் பழுக்கக் காயும். தீப்பிடிக்கும். பக்கத்தில் டீசல் குழாய் இருக்கலாம். உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

அதற்காகத்தான் பியூஸ். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். முன் பேட்டரிக்குப் பக்கத்தில் மட்டும் பியூஸ் போடுகிறார்கள். ஆனால் மின்சாரம் இரண்டு பக்கத்தில் இருந்தும் வரும். முன் பியூஸ் எரிந்து போனாலும் பின் பேட்டரி வயரைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். ஆகவே வயரின் இரண்டு முனையிலும், பேட்டரிக்கு மிக அருகில், ஒவ்வொரு பியூஸ் வேண்டும். பியூஸ் போனால் அதன் இடத்தில் கம்பியைச் சுற்றவே கூடாது. பியூஸ் ஏன் போனது என்று தேட வேண்டும்.

வயர் தடிமனாக இருக்க வேண்டும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகக் கூடாது. தகட்டில் துளை போட்டு நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வைக்க வேண்டும்.

பேட்டரியை அசையாமல் கட்டுவதும் முக்கியம். அடியில் ரப்பர் விரிப்பு. மேலே இரும்புப் பட்டை. கையால் ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது. கரடு முரடான சாலையில் பேட்டரி குலுங்கினால் தகட்டில் உள்ள பூச்சு உதிர்ந்து அடியில் சேரும். அது இரண்டு தகட்டைத் தொட்டால் அந்த அறை செத்துவிடும். வண்டி உருண்டால் கட்டாத பேட்டரி ஆளையே கொல்லும்.

தண்ணீர், உப்பு, வேசலின்

மூடி திறக்கும் வகைப் பேட்டரிக்கு மாதம் ஒரு முறை தண்ணீர் பார்க்க வேண்டும். தகடுகள் நீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. கிணற்றுத் தண்ணீர் கூடாது. அதில் உள்ள உப்பு தகட்டைத் தின்னும். ஆசிட்டும் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். ஆசிட் உள்ளேயே இருக்கும்.

சார்ஜ் ஏற்றிய பிறகு தண்ணீர் ஊற்றுவது நல்லது. முதலிலேயே நிறைய ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். குளிர் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரவில் வண்டியை நிறுத்தும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றிய தண்ணீர் கலக்காமல் மேலேயே நின்று உறைந்துவிடும். காலையில் வண்டி எடுக்கும் முன் ஊற்றினால் ஓட ஓடக் கலந்துவிடும்.

டெர்மினலில் பச்சையாக, வெள்ளையாகப் பூத்திருக்கும். இது மின்சாரத்தைத் தடுக்கும். சமையல் சோடா உப்பை வெந்நீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். அந்தச் சோடா நீர் ஒரு சொட்டுக்கூட அறைக்குள் விழக் கூடாது. அது ஆசிட்டை முறித்துவிடும். துடைத்துக் காய்ந்ததும் கிளாம்பை இறுக்கி, மேலே வேசலின் தடவ வேண்டும்.

வயரைக் கழற்றும்போது முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஏன் தெரியுமா? வண்டியின் இரும்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றினால், கையில் உள்ள ஸ்பேனர் எங்காவது இரும்பில் இடித்துப் பெரிய பொறி பறக்கும். இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் இரண்டின் மைனஸையும் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டு 'இனி ஷாக் இல்லை' என்று நினைத்துப் பலர் வயரை உருக்கியிருக்கிறார்கள். மோதிரம், இரும்புக் காப்பு, உலோக வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. மூடி திறக்கும் வகையை வண்டிக்குள் வைத்தால் வாயு வெளியே போக ஒரு குழாய் கட்டாயம் வேண்டும்.

ஆசிட் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆசிட்டைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

குளிர் காலம்

லடாக்கில் அக்டோபரோடு சீசன் முடிகிறது. பனி விழுந்து மணாலி சாலை அடைபடும். பல வண்டிகள் மாதக் கணக்கில் நிற்கும். லேயில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை குளிர் இறங்குவது உண்டு. திராஸ் பக்கம் இன்னும் கீழே போகும். இரண்டாவது பேட்டரிகள் பெரும்பாலும் சாவது இந்த மாதங்களில்தான்.

முன்னே சொன்னது நினைவிருக்கிறதா? சார்ஜ் இல்லாத பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய தண்ணீர். தண்ணீர் உறையும். உறைந்தால் பருக்கும். தகடு வளையும். பெட்டி வெடிக்கும். முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியிலும் உறையாது. பாதிச் சார்ஜ் உள்ளது சுமார் 25 டிகிரியில் உறையும். காலிப் பேட்டரி 10 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடும்.

கடைசிப் பயணத்தில் பாதி காலியான பேட்டரி. அதை அப்படியே விட்டுவிட்டு வண்டியை மூடி வைக்கிறார் ஓட்டுநர். முதல் பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போகிறார். வசந்த காலத்தில் திறந்து பார்த்தால் இரண்டாவது பேட்டரி பிளந்திருக்கும். அல்லது தகடு கற்கண்டாகியிருக்கும். சீசன் தொடங்கும் நேரத்தில் புதுப் பேட்டரிக்குப் பணம் தேட வேண்டும். சிலர் அது இல்லாமலே பயணிகளை ஏற்றிப் போவார்கள். அன்று இரவு கூடாரத்து விளக்கு முதல் பேட்டரியில் எரியும்.

ஆகவே சீசன் முடிந்ததும் முதல் வேலை, இரண்டு பேட்டரிக்கும் முழுச் சார்ஜ். பிறகு கழற்றி, தீ இல்லாத, காற்றோட்டம் உள்ள அறையில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியில் 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12.2 என்றால் பாதி போய்விட்டது என்று பொருள். மூடி திறக்கும் வகையில் ஹைட்ரோமீட்டர் வைத்தும் பார்க்கலாம். 1250-க்கு மேல் காட்டினால் நல்ல சார்ஜ். 1200 என்றால் பாதிதான். ஆறு அறையில் ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் மிகவும் குறைவாகக் காட்டினால், அந்தப் பேட்டரியை நம்பக் கூடாது.

பேட்டரி உறைந்துவிட்டால் அதற்குச் சார்ஜ் போடாதீர்கள். வேறு வண்டியில் இருந்து கேபிளும் கொடுக்காதீர்கள். வெடிக்கும். மிதமான சூட்டில் தானாக உருக விடுங்கள். விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது லித்தியம் பேட்டரிகளும் வந்துவிட்டன. எடை குறைவு. அடி வரை காலி செய்யலாம். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே கெட்டுவிடும். சார்ஜரும் வேறு. லடாக் போன்ற இடத்துக்கு யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் கதை வேறு. அங்கே மணல் மேட்டில் இதே வண்டிகள் ஓடுகின்றன. வெயிலில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜ் வேகமாக இறங்கும். அங்கே கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

அவசரத்துக்கு

முதல் பேட்டரி எதிர்பாராமல் இறங்கிவிட்டால், இரண்டாவது பேட்டரியால் வண்டியைக் கிளப்ப முடியும். ஐசோலேட்டர் வயர் இதற்குப் போதாமல் போகலாம். அதனால் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை வண்டியில் வைத்திருக்க வேண்டும். எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும். இரண்டாவதின் பிளஸை முதலாவதின் பிளஸோடு சேர்க்க வேண்டும். மைனஸ் ஏற்கெனவே வண்டியின் இரும்பு வழியாகச் சேர்ந்திருக்கும். கேபிளின் முனை இரும்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நிமிடம் விட்டுச் செல்ப் அடிக்க வேண்டும். கிளம்பியதும் கேபிளை எடுத்துவிடலாம்.

குளிரில் பேட்டரியின் பலம் குறையும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அது பாதிக்கும் குறைவுதான். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, சுற்றவே கூடுதல் பலம் கேட்கும். ஆகவே இந்த உதவி இரண்டாவது பேட்டரியில் நல்ல சார்ஜ் இருந்தால்தான் கிடைக்கும். சர்ச்சுவில் விளக்கை இரண்டு மணி நேரம் முன்னதாக அணைப்பது அதற்குத்தான்.

பழைய பேட்டரி

தடித்த தகடு உள்ள பேட்டரியும் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதை உடைத்து ஈயம் எடுத்து விற்கக் கூடாது. ஈயம் நஞ்சு. அதன் தூசியும் புகையும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஆசிட்டைத் தரையில் கொட்டினால் மண்ணும் தண்ணீரும் கெடும். 2001-ல் இருந்தே இதற்கு நம் நாட்டில் விதிகள் உண்டு. 2022-ல் புதிய விதிகள் வந்தன. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது பேட்டரி தயாரிப்பவரின் பொறுப்பு. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். அதன் விலையைக் கழித்துக்கொள்வார்கள். கொடுக்கப் போகும்போது நிமிர்த்தி வைத்து, டெர்மினல் இரண்டையும் துணியாலோ டேப்பாலோ மூடி எடுத்துப் போக வேண்டும்.